கேரம் ஸ்டிரைக்கர் கொள்முதல்: 15 கிராம் கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தமிழகத்தில் 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை, 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறையும் இதே நாட்களில்தான் வருகிறது. ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளில் மளிகைக் கடை வைத்திருப்போருக்கு இந்த இரண்டு மாதம் எப்படிப் போகும் என்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடன் சிட்டை நீளும், கல்லாப்பெட்டி இளைக்கும். ஆனாலும் இந்த நாட்களில் ரொக்கத்துக்கு ஓடுகிற சரக்கு ஒன்று உண்டு. கேரம் போர்டும் அதன் துணைச் சாமான்களும்தான் அவை.

இவற்றில் போர்டு எப்போதாவது விற்பது. ஒரு வீட்டில் ஒரு போர்டு வாங்கினால் ஏழெட்டு வருடம் கிடக்கும். காய் செட்டும் அப்படித்தான். ஒன்றிரண்டு தொலைந்தால் சட்டைப் பொத்தானை வைத்துக்கூட ஒப்பேற்றிக் கொள்வார்கள். ஸ்டிரைக்கர் அப்படியல்ல. தொலையும், உடையும், ஓரம் பெயரும். தம்பி எடுத்துப் போய் பம்பரக் குழியில் போட்டுவிடுவான். திரும்பத் திரும்பக் கடைக்கு வந்து கேட்கிற பொருள் அதுதான். சின்னச் சரக்குதானே என்று மொத்த வியாபாரி அட்டையில் ஒட்டிக் கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் வாங்கிவந்து தொங்கவிடுகிறோம். பிறகு அதில்தான் வம்பு வருகிறது. "அண்ணாச்சி, நேத்து வாங்குனது ஒரு பக்கமா இழுக்குது", "இது ஓடவே மாட்டேங்குது", "இதைவிட வெயிட்டா ஒண்ணு குடுங்க" என்ற பேச்சு கேட்காத கடை நம் கரையோரத்தில் இருக்காது. சரியான ஸ்டிரைக்கரைப் பார்த்து வாங்குவது எப்படி என்று இவ்விதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இதற்கு வேண்டிய கருவி எல்லாம் நம் கடையிலேயே இருக்கின்றன.

விதி என்ன சொல்கிறது?

கேரம் விளையாட்டுக்குச் சட்டதிட்டம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் தொடங்கப்பட்டது. அதுவும் நம் சென்னையில்தான். 1991, 1995 ஆகிய இரண்டு முறையும் உலகச் சாம்பியன் ஆகி, 1996-இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2008-இல் பிரான்சு நாட்டின் கான் நகரில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமாவும் சென்னைப் பெண்தான். பொழுது போகாதவர்களின் ஆட்டம் என்று நாம் நினைத்துக் கொண்டிருப்பதில் தமிழ்நாட்டுக்கு இவ்வளவு பெயர் இருக்கிறது.

விதிப்படி ஸ்டிரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. விட்டம் 4.13 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. வழுவழுப்பாகவும் வட்டமாகவும் இருக்க வேண்டும். தந்தத்தாலோ உலோகத்தாலோ ஆனது கூடாது. காய் ஒவ்வொன்றும் 5 கிராம் முதல் ஐந்தரை கிராம் வரை, விட்டம் 3.02-லிருந்து 3.18 சென்டிமீட்டர், கனம் 7 முதல் 9 மில்லிமீட்டர். போர்டின் குழி 4.45 சென்டிமீட்டர் விட்டம். ஆடும் பரப்பு 73.5 முதல் 74 சென்டிமீட்டர் சதுரம். இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 15 கிராம், 4.13 சென்டிமீட்டர் என்ற இரண்டை மட்டும் கல்லாப்பெட்டி மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைத்தால் போதும்.

நிறுத்துப் பார்ப்பது

மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் ஒரே ஒரு ஸ்டிரைக்கரை வைத்து நிறுப்பது வீண் வேலை. நம் தராசுகள் பெரும்பாலும் 2 கிராம், 5 கிராம் என்று தாவித் தாவிக் காட்டுபவை. 13 கிராம் உள்ளதும் 17 கிராம் உள்ளதும் அதில் 15 என்றே விழக்கூடும். ஆகவே பத்து ஸ்டிரைக்கரைச் சேர்த்து வையுங்கள். 150 கிராமுக்கு மேல் போனால் அந்தக் கட்டில் கோளாறு இருக்கிறது. 140-க்கும் 150-க்கும் இடையில் நின்றால் சரக்கு பரவாயில்லை. 120, 125 என்று காட்டினால் அது சிறுபிள்ளைகள் விளையாடும் சின்னப் போர்டுக்கு ஆன சரக்கு. விலை குறைவு என்பதற்காக அதைப் பெரிய போர்டுக்காரர் தலையில் கட்டக் கூடாது.

பத்தின் மொத்தம் சரியாக வந்துவிட்டாலே ஒவ்வொன்றும் சரி என்று ஆகிவிடாது. 18 கிராம் ஒன்றும் 12 கிராம் ஒன்றும் சேர்ந்தாலும் 30 கிராம்தான். தனித்தனியே சோதிக்க இன்னொரு வழி இருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை 7.71 கிராம். இரண்டு சேர்ந்தால் 15.42 கிராம். ஏலக்காய், கிராம்பு நிறுக்கிற சின்னத் தட்டுத் தராசு வைத்திருப்பவர்கள், ஒரு தட்டில் இரண்டு பத்து ரூபாய் நாணயமும் மறு தட்டில் ஸ்டிரைக்கரும் வைத்துத் தூக்கிப் பாருங்கள். நாணயத் தட்டு நன்றாகத் தாழ்ந்தால் ஸ்டிரைக்கர் பெரும்பாலும் விதிக்குள் இருக்கிறது. ஸ்டிரைக்கர் தட்டு தாழ்ந்தால் அது அதிக எடை. சமமாக நின்றால் சந்தேகத்துக்கு உரியது. தெரிந்த நகைக் கடையில் கொடுத்து ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம். (பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் கடைகள் நம் மாவட்டத்தில் இன்னும் இருப்பதாகக் கேள்வி. புழக்கத்தில் உள்ள 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்தாயிற்று. எடைக்கல்லாகவாவது இரண்டை வைத்துக் கொள்ளுங்கள்.)

காய் செட்டையும் இதே தராசில் பார்த்துவிடலாம். கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று, ஆகப் பத்தொன்பது காய்கள். மொத்தம் 95 முதல் 104 கிராமுக்குள் வர வேண்டும். 80 கிராம் காட்டுகிற செட்டுக்கு எவ்வளவு நல்ல ஸ்டிரைக்கர் கொடுத்தாலும் காய்கள் சிதறிப் பறக்கும். பழி ஸ்டிரைக்கர் மேல்தான் விழும்.

"வெயிட்டா குடுங்க" என்பவருக்கு என்ன பதில்?

கரையோரக் கடைகளில் கனமான ஸ்டிரைக்கருக்கு ஒரு தனி மவுசு இருக்கிறது. 18 கிராம், 20 கிராம் என்று கூட்டிச் செய்து, "புரொபஷனல்" என்று அட்டையில் அச்சடித்து அனுப்பினால் அது சீக்கிரம் விற்றுப் போகிறது. வாடிக்கையாளர் கேட்கிறார், நாம் கொடுக்கிறோம் என்று இதை விட்டுவிட முடியாது. அவர் ஏன் கேட்கிறார் என்று பார்க்க வேண்டும்.

அவர் வீட்டுப் போர்டில் ஸ்டிரைக்கர் ஓடவில்லை. ஓடாததற்குக் காரணம் ஸ்டிரைக்கர் அல்ல, போர்டு. கடலிலிருந்து வரும் ஈரக் காற்று பலகையில் இறங்குகிறது. மேலே தூவிய பவுடர் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு மாவாகிறது. ஸ்டிரைக்கர் பாதி தூரத்தில் மூச்சு வாங்குகிறது. உடனே, கனமானது ஒன்று இருந்தால் பாய்ந்து போகும் என்று நினைக்கிறார். இந்த எண்ணம் கணக்குக்கு ஒத்து வராது. பலகையின் உராய்வு, கனமான பொருளையும் லேசான பொருளையும் ஒரே விகிதத்தில்தான் தேக்குகிறது. கனம் கூடினால் உராய்வும் அதே அளவு கூடிவிடும். ஒரே வேகத்தில் கிளம்பினால் இரண்டும் ஒரே தூரம்தான் போகும். ஆனால் ஒரே வேகத்தில் கிளம்புவதே இல்லை. விரலின் தெம்பு ஒன்றுதான். கனத்தைச் சுண்டும்போது வேகம் குறைகிறது.

இன்னும் ஒரு படி போய்ப் பார்க்கலாம். 15 கிராம் ஸ்டிரைக்கர், 5 கிராம் காயை நேருக்கு நேர் மோதினால், காய் ஸ்டிரைக்கரின் வேகத்தைப் போல் ஒன்றரை மடங்கில் கிளம்பும். ஸ்டிரைக்கர் தன் வேகத்தில் பாதியை வைத்துக்கொண்டு பின்தொடரும். 20 கிராம் ஸ்டிரைக்கர் என்றால் காய்க்குக் கிடைப்பது 1.6 மடங்கு. கூடியது போல் தோன்றுகிறது. ஆனால் அதே விரல் பலத்தில் 20 கிராம் ஸ்டிரைக்கர் கிளம்பும் வேகமே 13 சதவீதம் குறைந்துவிடுகிறது. கழித்துப் பார்த்தால் காயின் வேகம் முன்பைவிடக் குறைவு. கனத்தால் கிடைப்பது ஒன்றுதான்: கும்பலாக நிற்கும் காய்களை முட்டித் தள்ளிக்கொண்டு போகலாம். அதனால்தான் விதியில் அதற்குத் தடை. அப்படி முட்டுவதில் காயின் ஓரம் பெயர்கிறது, சட்டத்தின் மூலை விரிகிறது. மூன்று மாதத்தில் போர்டையும் காயையும் பற்றிப் புகாரோடு அதே மனிதர் நம் கடைக்கு வருகிறார்.

ஆகவே "வெயிட்டா குடுங்க" என்பவருக்கு, 15 கிராம் உள்ள ஸ்டிரைக்கரையே கொடுத்து, போர்டை உலர்த்தச் சொல்ல வேண்டும். உலர்த்துவது என்றால் வெயிலில் காயப்போடுவது அல்ல. ராமநாதபுரத்துச் சித்திரை வெயிலில் ஒட்டுப்பலகையை ஒரு மணி நேரம் வைத்தால் அப்பளம் போல் வளைந்துவிடும். பழைய பவுடரை உலர்ந்த பருத்தித் துணியால் முழுவதும் துடைத்தெடுத்துவிட்டு, விசிறிக் காற்றில் சற்று நேரம் நிறுத்திவைத்து, புதுப் பவுடர் ஒரு சிட்டிகை தூவினால் போதும். ஈரத்துணியைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது. மேலே விளக்கு தொங்கவிட்டு ஆடுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: முன்பெல்லாம் அறுபது, நூறு வாட் குண்டு பல்பு தொங்கியது. அந்தச் சூட்டிலேயே பலகை உலர்ந்து கிடந்தது. இப்போதுள்ள எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருகிறதே தவிர போர்டு வரை சூடு தருவதில்லை. முன்பு நன்றாக ஓடிய போர்டு இப்போது ஏன் ஓடவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போர்டு நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்கவும் விதியில் ஓர் அளவு உண்டு. 15 கிராம் ஸ்டிரைக்கரை முழுப் பலத்தோடு எதிர்ச் சட்டத்தில் அடித்தால், அது போயும் வந்தும் குறைந்தது மூன்றரை ஓட்டம் ஓட வேண்டும். போர்டு விற்கும்போது வாடிக்கையாளர் கண்ணெதிரே இப்படி ஓர் அடி அடித்துக் காட்டுங்கள். பத்து நிமிடப் பேச்சு மிச்சம்.

கண்ணாடி மேல் ஒரு சோதனை

எடைக்கு அடுத்தது தட்டை. "ஒரு பக்கமா இழுக்குது" என்ற புகார் இதனால் வருவது. ஷோகேஸ் கண்ணாடியை நன்றாகத் துடைத்துவிட்டு அதன்மேல் ஸ்டிரைக்கரை வையுங்கள். ஓரத்தில் ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்துங்கள். சுற்றி நாலு இடத்தில் அழுத்திப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் அடிப்புறம் வளைந்திருக்கிறது. பிறகு திருப்பிப் போட்டு அடுத்த பக்கம். இரண்டு பக்கமும் ஆடாமல் உட்கார வேண்டும். இரண்டு ஸ்டிரைக்கரை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் கீற்று தெரிகிறதா என்று பார்ப்பதும் நல்ல வழி.

வட்டம் சரியா என்பதற்கு ஒரு தடித்த அட்டையில் 4.13 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வாய் வெட்டி வைத்துக்கொள்ளலாம். கணக்குப் பெட்டி அளவுகோலில் மில்லிமீட்டருக்குக் கீழே துல்லியம் வராதுதான். 41 மில்லிமீட்டரைத் தாண்டி ஒரு மயிரிழை விட்டு வெட்டினால் நம் காரியத்துக்குப் போதும். ஸ்டிரைக்கரை அதில் சுற்றிச் சுற்றி நுழைத்துப் பாருங்கள். ஒரு திசையில் நுழைந்து மறு திசையில் சிக்கினால் அது வட்டமல்ல.

ஓரம் கூர்மையாக இருக்கக் கூடாது, மழுங்கி உருண்டும் இருக்கக் கூடாது. கூர்மையானது நகத்தையும் காயையும் கீறும். உருண்டது காய்மேல் ஏறித் தாண்டும். பக்கச் சுவர் செங்குத்தாக நின்று, மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் லேசாக மட்டும் வழிக்கப்பட்டிருப்பதே நல்லது. மேலே படம் ஒட்டியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். புலி, கழுகு, நடிகர் படம் போட்ட ஸ்டிக்கர் பையன்களுக்குப் பிடிக்கும். ஒரு வாரத்தில் ஓரம் கிளம்பி, பவுடர் உள்ளே புகுந்து, அந்தப் பக்கம் ஓடாது. படம் வேண்டுமென்றால் வார்ப்புக்கு உள்ளேயே பதித்து மேலே பளிங்காக மூடிய சரக்கு வருகிறது. விலை கூடுதல். அதை வாங்கலாம்.

எதனால் ஆனது?

இன்று சந்தைக்கு வருபவை அக்ரிலிக், பிசின் வார்ப்பு, சாதாரண பிளாஸ்டிக் என்று பலவகை. கடைத்தெருவில் எல்லாவற்றுக்கும் "ஃபைபர்" என்றே பெயர். முப்பது நாற்பது ரூபாய்க்கும் கிடைக்கிறது, சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. விலை குறைந்த பிளாஸ்டிக்கில், அச்சில் ஊற்றியபோது விட்ட தழும்பு ஓரத்தில் ஒரு சிறு முனையாக நிற்கும்; உள்ளே காற்றுக் குமிழி இருக்கும். குமிழி உள்ள பக்கம் லேசு, இல்லாத பக்கம் கனம். இதைத் தட்டுத் தராசு காட்டாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒளி ஊடுருவும் சரக்கில் கண்ணுக்குத் தெரியும். ஊடுருவாத சரக்கானால் கண்ணாடி மேல் பம்பரம் போல் விரலால் சுற்றிவிடுங்கள். நடு ஒரே இடத்தில் நின்று சுழன்றால் நல்லது. தள்ளாடி நகர்ந்துகொண்டே போனால் ஒருபக்கக் கனம்.

இரும்பு வளையமோ பித்தளைத் தகடோ பதித்தவை எடைக்காகச் செய்யப்பட்டவை. விதிக்கும் புறம்பு, போர்டுக்கும் எமன். வாங்கவே வேண்டாம்.

தந்த ஸ்டிரைக்கரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கீழக்கரை, தொண்டி போன்ற பழைய வணிக ஊர்களில், தாத்தா காலத்துச் சாமான் என்று யாராவது எடுத்து வந்து விலை பேசக்கூடும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1986-இலும் 1991-இலும் வந்த திருத்தங்களும் யானைத் தந்த வியாபாரத்தை அடியோடு நிறுத்திவிட்டன. சின்ன வில்லைதானே என்று வாங்கி வைத்தாலும் குற்றம் குற்றமே. 2001-இல் கடல் அட்டை அதே சட்டத்தின் பட்டியலில் சேர்ந்த பிறகு நம் கரையில் எத்தனை வழக்குகள் வந்தன என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்தத் தொல்லை கேரத்துக்கு மட்டும் உரியதல்ல. மேசை மேல் பந்து உருட்டும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் முதலில் தந்தப் பந்துதான். அதற்கு மாற்றாகத்தான் அமெரிக்காவில் 1869-இல் ஹயாட் என்பவர் செல்லுலாய்டைக் கொண்டுவந்தார். இன்று நல்ல பந்துகள் பினாலிக் பிசினில் செய்யப்படுகின்றன. அந்த ஆட்டத்துக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு: ஸ்னூக்கரின் விதிகள் 1882-இல் உதகமண்டலம் கிளப்பில் எழுதி மாட்டப்பட்டவை. பிற்காலத்தில் வெளிநாடுகளில் காசு போட்டு ஆடும் பூல் மேசைகள் வந்தன. காசு போட்டால் பந்துகள் வெளியே வரும். குழியில் விழுந்த பந்து மறுபடி காசு போடும்வரை வராது. ஆனால் அடிக்கும் வெள்ளைப் பந்து தவறிக் குழியில் விழுந்தால் அது மட்டும் திரும்பி வந்தாக வேண்டும். அதை இயந்திரம் பிரித்தறிய, இங்கிலாந்து மதுக்கடைகளில் வெள்ளைப் பந்தைச் சிறியதாக்கினார்கள்: மற்றவை 2 அங்குலம், இது 1⅞ அங்குலம். அமெரிக்காவில் பெரியதாக்கினார்கள்: மற்றவை 2¼, இது 2⅜. சிலர் எடையைக் கூட்டினார்கள். எல்லாவற்றிலும் ஆட்டம் கெட்டது. சம எடையுள்ள வெள்ளைப் பந்து நேராக மோதினால் அங்கேயே நிற்கும். கனமானது நிற்காமல் முன்னே உருண்டு தானும் குழியில் விழும். கடைசியில், அளவையும் எடையையும் பெரிதாக மாற்றாமல் உள்ளே இரும்புத் துணுக்கு வைத்து, காந்தத்தால் பிரித்தெடுக்கும் பந்து செய்தார்கள். அடிக்கிற பொருளின் எடையில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் காசைச் செலவழித்துத் தெரிந்துகொண்டார்கள்.

பவுடர்: மளிகைக் கடைக்காரர் அவசியம் படிக்க வேண்டியது

ஸ்டிரைக்கர் கேட்பவர் கூடவே பவுடரும் கேட்பார். இந்த இடத்தில்தான் நமக்குப் பெரிய பொறுப்பு இருக்கிறது. கேரம் பவுடர் என்று விற்பது பெரும்பாலும் போரிக் பவுடர், அதாவது போரிக் அமிலம். வெள்ளை வெளேரென்று மணமில்லாமல் இருக்கும். ஆப்பச் சோடா, அரிசி மாவு, மைதா, தூள் உப்பு இவற்றோடு வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இது உள்ளே போனால் விஷம். கைக்குழந்தைக்கு 2, 3 கிராமும், சிறுபிள்ளைக்கு 5, 6 கிராமும் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. 5 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. நாம் சற்றுமுன் சொன்ன ஒரே ஒரு கேரம் காயின் எடை.

கிலோக் கணக்கில் வாங்கி ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலமாக மடித்து விற்கும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. பெயர் எழுதாத பொட்டலம் வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா கடைக்கு அனுப்பிய பையன் சோடா உப்பும் கேரம் பவுடரும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போகிறான். இரண்டும் ஒரே மாதிரிக் காகிதம். நம் கையால் அப்படி மடிக்கவே கூடாது. கம்பெனி டப்பாவில், பெயரும் எச்சரிக்கையும் அச்சிட்டு வருவதை மட்டும் விற்க வேண்டும். உணவுப் பொருள் இருக்கும் அலமாரியில் வைக்காமல், சலவை சோப்பு, கொசுவர்த்தி, பினாயில் இருக்கும் பக்கம் வைக்க வேண்டும். அதை எடுத்த கரண்டியை மாவுக்குப் போடக் கூடாது. ஈரம் பிடிக்காமல் இருக்கப் பழைய ஹார்லிக்ஸ், பூஸ்ட் பாட்டிலில் போட்டு வையுங்கள் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். குழந்தைகள் கை நீட்டுவது அந்த பாட்டிலுக்குத்தான். யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டதாகத் தெரிந்தால் கைவைத்தியம் பார்க்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

உணவில் போரிக் அமிலம் சேர்ப்பதற்கும் அனுமதி கிடையாது. நம் பக்கம் கருவாடு, இறால் தொழிலும் மளிகையும் ஒரே கட்டிடத்தில் நடக்கும் இடங்கள் உண்டு. அங்கே கேரம் பவுடர் மூட்டை கிடந்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி வேறு விதமாகத்தான் கேட்பார்.

போரிக்குக்குப் பதில் முகப் பவுடர் தூவுகிறவர்கள் உண்டு. அதிலுள்ள வாசனைப் பொருள் பலகையில் பிசுக்காகப் படியும். மைதாவோ எறும்பைக் கூப்பிடும், ஈரத்தில் களியாகும். இரண்டுக்கும் போர்டு பலியாவதுதான் மிச்சம்.

கடை வாசலில் போர்டு போடுகிறவர்கள்

டீக்கடை, பெட்டிக்கடை வாசலில் போர்டு போட்டு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குவோர் நம் உறுப்பினர்களிலும் இருக்கிறார்கள். தோற்றவர் காசு கொடுப்பது வழக்கம். அங்கே சண்டை பெரும்பாலும் ஸ்டிரைக்கரில்தான் ஆரம்பிக்கிறது. ஒருவர் தன் சட்டைப் பையிலிருந்து சொந்த ஸ்டிரைக்கரை எடுப்பார். எதிராளி எடை அதிகம் என்பார். இதற்கு, ஒரே கட்டில் வாங்கி ஒரே எடை பார்த்த இரண்டு ஸ்டிரைக்கரைக் கடை ஸ்டிரைக்கராக வைத்து, ஓரத்தில் அடையாளம் கீறாமல், நிறத்தாலேயே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். சொந்த ஸ்டிரைக்கர் வேண்டும் என்பவரிடம் பத்து ரூபாய் நாணயம் இரண்டையும் தராசையும் எடுத்து வைத்தால் பேச்சு முடிந்தது. பணம் கட்டி ஆட மட்டும் இடம் கொடுக்காதீர்கள். 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு விலக்கு அளிக்கிறது என்று வக்கீல் வாதாடலாம். அதற்குள் ஸ்டேஷன் வாசலில் நிற்பது கடைக்காரர்தான்.

கொள்முதல்

சென்னை பெரியமேட்டிலோ மதுரையிலோ மொத்தமாக வாங்கும்போது, அட்டையில் தைத்த கட்டை அப்படியே வாங்காமல் பத்து ஸ்டிரைக்கரை அவிழ்த்து அங்கேயே நிறுத்துப் பாருங்கள். தராசு இல்லாத மொத்தக் கடை எங்கும் இல்லை. பொட்டலமாக வரும் சரக்கில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை அச்சாகி இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதி. ஒன்றும் இல்லாத வெற்று அட்டையோடு வந்தால் முத்திரை ஆய்வாளர் கேட்பது நம்மைத்தான். ரசீதில் "ஸ்டிரைக்கர்" என்று மட்டும் எழுதாமல், "15 கிராமுக்கு உட்பட்டது" என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எடை மீறியது கட்டில் கிடந்தால் திருப்பிக் கொடுக்க அதுதான் பிடி. எழுதித் தர முகம் சுளிக்கிற வியாபாரியின் சரக்கு எப்படிப்பட்டது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மூன்றில் இரண்டு பங்கு நடுத்தர விலைச் சரக்காகவும், மீதியில் சிறிதளவு விலை கூடியதாகவும், சின்னப் போர்டுக்கான லேசானவை கொஞ்சமும் எடுத்தால் சிறு கடைக்குக் கணக்காக இருக்கும். வாங்கிவந்ததை வாசலில் வெயில் படத் தொங்கவிடாதீர்கள். மலிவு பிளாஸ்டிக் அங்கேயே வளைய ஆரம்பிக்கும். போர்டுகளை சிமெண்டுத் தரையில் வைக்காமல் கட்டை மேல், சுவரில் சாய்க்காமல் நேராக நிறுத்தி அடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விற்காமல் நின்ற போர்டைச் சித்திரையில் விற்பதற்கு முன் மூன்றரை ஓட்டச் சோதனை ஒரு தடவை செய்துவிடுங்கள்.

தடைக்காலச் சரக்கை மார்ச் முதல் வாரத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. ஏப்ரல் பத்தாம் தேதிக்கு மேல் போனால் நல்ல கட்டுகள் மதுரைக்குள்ளேயே பிரிந்துவிடும், நமக்கு வருவது மிச்சம்தான்.